ஏசி 184,500 ரூபா, அறை 310,250 ரூபா: வட்டக்கச்சியில் ஏசி பூட்டின கதை

கடை வாசலில் “இலவசமாகப் பூட்டித் தரப்படும்” என்று பெரிய எழுத்தில் ஒரு பதாகை தொங்கியது. அதை நம்பி ஏமாந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், எனக்கும் நாற்பத்தாறு வயதாகிறது. ஆனால் அதைக் கண்ட பிறகுதான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி உள்ளே போனேன், அதையும் மறைக்கக்கூடாது. கிளிநொச்சியில் கண்டி வீதியோடு இருக்கிற கடை. பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகிற குறைகள் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவை இல்லை, வவுனியாவில் வாங்கின என் மச்சானும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொன்னான்.

கனடாவில் இருக்கிற தம்பி அம்மாவுக்கு ஏசி பூட்டச் சொல்லி இரண்டு இலட்சம் அனுப்பினான். அதற்குள் எல்லாம் முடிந்து, மிச்சக் காசில் ஒரு நல்ல மெத்தையும் வாங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். முடிந்தபோது செலவு மூன்று இலட்சத்துப் பத்தாயிரத்து இருநூற்றைம்பது. மெத்தை இன்னும் வாங்கவில்லை. அந்த மேலதிகக் காசு எங்கே போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் கடையில் எவரும் இதைச் சொல்வதில்லை, பூட்டி முடித்த வீட்டுக்காரரும் வெட்கத்தில் சொல்வதில்லை.

முதலில் வீடு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்துக் கட்டச் சொன்ன அதே திட்டம். பின்னால் ஒரு அறையை நாங்களே இழுத்துக் கட்டினோம், பத்தடிக்குப் பன்னிரண்டடி, சீமெந்துக் கல் சுவர், மேலே சீற் கூரை. மேற்குப் பக்கம் ஒரு யன்னல். அந்த அறைதான் அம்மாவுடையது. பகல் முழுக்கச் சீற் குடித்த சூட்டைப் பின்னேரம் நாலு மணியில் இருந்து இரவு பதினொரு மணி வரைக்கும் ஆறுதலாக இறக்கிக்கொண்டிருக்கும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேலே நிற்கிற நாட்களில் சுவரில் கை வைத்தால் இரவு ஒன்பது மணிக்கும் இடியப்பச் சட்டியைத் தொட்ட மாதிரி இருக்கும். ஃபான் போட்டால் அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி மேலே ஊற்றும். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. இரவில் பாயைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போவா, அங்கே நுளம்பு, திரும்ப உள்ளே வருவா. அதோடு விடிந்துவிடும்.

ஏசிக்கு முன்பு நாங்களும் ஒரு ஏர் கூலர் வாங்கிப் பார்த்தவர்கள்தான், 32,000 ரூபா, இப்போது அது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால் இந்த வருடமும் இரண்டு பேர் என்னிடம் “அது மலிவுதானே, எங்கட இடம் உலர் வலயம்தானே” என்று கேட்டார்கள். உலர் வலயம் என்பது மழைக்கணக்கில் வைத்த பெயர், வருடத்துக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்கிற பகுதி என்பதுதான் அதன் பொருள். காற்று ராஜஸ்தான் மாதிரிக் காய்ந்துபோய் இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர் தரும், காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற பின்னேரம் யன்னலைத் திறந்து வைத்துப் போட்டால் பரவாயில்லை, நல்லாகவே இருக்கும். இரவில் யன்னலைப் பூட்டிவிட்டுப் போட்டால் ஒரு மணி நேரத்தில் அறை முழுக்க ஈரம், தலையணை பிசுபிசு என்று ஒட்டும். அம்மா அதற்கு வைத்த பெயர் “ஆவி போடுற மெசின்”. ஆகவே வன்னியில் இரவு நித்திரைக்கு ஏர் கூலர் வாங்காதீர்கள். கடையில் முன்னுக்கு விறாந்தையில் வைத்து ஓட்டிக்காட்டுவார்கள், அங்கே குளிரத்தான் செய்யும்.

சரி, ஏசி. கடைக்காரத் தம்பி அறை எத்தனை அடி என்று கேட்டார், கூரை என்ன கூரை என்று கேட்டார், சீற் என்றதும் உடனே “அப்ப 18,000 பீரீயூ எடுங்கோ அண்ணை” என்றார் (பீரீயூ என்பது ஏசி எவ்வளவு குளிர் தரும் என்ற அளவு). நியாயமான பேச்சுத்தான், சீலிங் இல்லாத சீற் கூரைக்குச் சின்னது திணறும். ஆனால் 120 சதுர அடி அறைக்கு 18,000 என்பது கூரையில் ஒழுகுகிற தண்ணீரைத் துடைக்கப் பெரிய துணி வாங்குவது மாதிரி. அதே கடையின் பின்பக்கம் பெட்டி ஏற்றிக்கொண்டு நின்ற வயதான மெக்கானிக் ஒருவர்தான் மெதுவாகச் சொன்னார், “தம்பி, சீலிங் ஒண்டு அடியுங்கோ, 12,000 தாராளமாக் காணும்” என்று. இரண்டுக்கும் விலையில் கிட்டத்தட்ட எழுபதினாயிரம் வித்தியாசம், சீலிங் அதில் பாதிக் காசு. அவர் சொன்னதைக் கேட்டேன். இதுவரை நான் செய்த செலவுகளில் இது ஒன்றுதான் ஒருநாளும் மனதைக் குடையாதது.

இடையில் ஒரு விளக்கம், யூடியூப்பில் இந்தியக் காணொளி பார்க்கிறவர்களுக்கு. அவர்கள் ஒரு தொன், ஒன்றரைத் தொன் என்பார்கள், எங்கள் கடைகளில் 12,000, 18,000 பீரீயூ என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். தொன் என்றால் பெட்டியின் நிறை இல்லை. ஒரு தொன் ஐஸை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பம் எவ்வளவோ, அவ்வளவு வெப்பத்தை அறையில் இருந்து அள்ளி வெளியே கொட்டுகிற வலு. பழைய ஐஸ் வியாபாரக் கணக்கு, இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்வேர்ட்டர் ஏசி எடுப்பதா சாதாரணமானது எடுப்பதா என்று நான் நிறைய நேரம் யோசிக்கவில்லை. சாதாரணமானது முழு வேகத்தில் ஓடும், அறை குளிர்ந்ததும் நிற்கும், திரும்ப முழு வேகத்தில் எழும்பும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் வீட்டு லைற் எல்லாம் ஒருதடவை கண் சிமிட்டும். எங்கள் பக்கத்துக் கரண்டுக்கு அது சரிவராது. இன்வேர்ட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து போடுகிறவர்களுக்கு அதுதான். பகலில் அரை மணி நேரம் மட்டும் போடப்போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு வேறு. விலை கிரெடிட் கார்ட்டில் 189,000, பன்னிரண்டு மாதம் வட்டியில்லாத் தவணை. காசாகத் தந்தால் எவ்வளவு என்று கேட்டேன், 184,500 என்றார். வட்டியில்லாத் தவணையின் வட்டி எவ்வளவு என்பது அப்போது தெரிந்தது, 4,500 ரூபா. கேட்காமல் விட்டால் சொல்லமாட்டார்கள்.

மூன்று நாள் கழித்துப் பூட்ட வந்தார்கள், ஒரு அண்ணையும் இரண்டு பொடியன்களும். இங்கேதான் “இலவசம்” என்ற சொல்லின் அகலம் எவ்வளவு என்று தெரிந்தது. பூட்டுக்கூலி இலவசம், அதோடு பத்தடிச் செப்புக் குழாய் இலவசம். பத்தடி என்றால் உள்ளே ஒரு பெட்டி, அதே சுவருக்கு வெளியே ஒரு பெட்டி, அவ்வளவுக்குத்தான் போதும். அண்ணை சுவரை ஒருதரம் பார்த்துவிட்டு மேற்குப் பக்கம் வெளிப்பெட்டியை வைக்கலாம் என்றார். அங்கே வைத்தால் பத்தடிக்குள் வேலை முடிந்துவிடும், அவருக்கு மத்தியானம் இன்னொரு வீடு. ஆனால் எங்கள் மேற்குப் பக்கம் கிரவல் ஒழுங்கை, உழவு மெசின் ஒன்று போனால் ஐந்து நிமிடத்துக்கு முன்வீட்டுக்காரரின் முகம் தெரியாது. அதோடு வைகாசியில் இருந்து ஆவணி வரை கச்சான் அந்தப் பக்கத்தால்தான் வந்து மோதும், பெட்டி வெளியே ஊதுகிற சூட்டைக் காற்றே திருப்பி அதன் வாய்க்குள் தள்ளும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வடக்குப் பக்கம், வேம்புக்குக் கீழே வையுங்கள் என்றேன். குழாய் பத்தொன்பது அடி போனது. மேலதிகமான ஒன்பதடிக்கு அடி 1,450 ரூபாப்படி 13,050. சுவரில் தாங்குகிற இரும்புச் சட்டம் 4,500. தண்ணீர் போகிற குழாய், கிளிப், குழாயை மூடுகிற பிளாஸ்ரிக் உறை 3,800. கிளிநொச்சியில் இருந்து வட்டக்கச்சிக்கு வந்த கூலி 2,500. எல்லாம் இலவசத்துக்கு வெளியே.

செப்புக் குழாய் விசயத்தில் ஒன்று. அடிக்கணக்கில் காசு கொடுக்கிறபடியால் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். என்னிடம் முதலில் இருபத்திரண்டு அடி என்றார்கள். நான் சுவரோடு பிடித்து அளந்தபோது பத்தொன்பது. சண்டை பிடிக்கத் தேவைப்படவில்லை, நாடாவைக் கண்டதும் பொடியன் தானாகவே திருத்தி எழுதினான்.

அடுத்தது, இந்த எழுத்தை எதற்காக வாசிக்கிறீர்களோ இல்லையோ, இந்தப் பந்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். குழாய் பொருத்தி முடிந்ததும் அதற்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் வக்யூம் பம்ப் போட்டு இழுத்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளிப்பெட்டியில் இருக்கிற, குளிர் தருகிற காஸைத் திறந்து விட வேண்டும். எங்கள் வீட்டில் குழாய் பூட்டி முடிந்தது, அண்ணை சாவியை எடுத்துக் காஸைத் திறக்கக் குனிகிறார். “பம்ப் எங்கை அண்ணை?” என்றேன். “கொண்டு வரேல்லை தம்பி, கொஞ்சம் காஸ் விட்டுக் காத்தைத் தள்ளி விட்டாச் சரி, எல்லா இடத்திலயும் அப்பிடித்தான்” என்றார். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்பது உண்மையாகவும் இருக்கலாம், அதனால்தான் எல்லா இடத்திலும் இரண்டு வருடத்தில் காஸ் இறங்கிவிட்டது, குளிர் வரவில்லை என்று ஏசியைக் கழற்றிக்கொண்டு திரிகிறார்கள். உள்ளே ஈரம் நின்றால் அது எண்ணெயோடு சேர்ந்து கொம்பிரசரைத் தின்னும். அதைவிட, இப்போது வருகிற பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-32 காஸ், அது இலேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, அதை அப்படி வெளியே ஊதித் தள்ளுவது நல்ல பழக்கம் இல்லை. நான் பம்ப் இல்லாமல் திறக்க விடமாட்டேன் என்றேன். முகம் கொஞ்சம் கறுத்தது. அம்மா எல்லாருக்கும் பிளேன் ரீயும் பனங்கட்டித் துண்டும் கொடுத்தா. அதைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தநாள் காலையில் இளைய பொடியன் மட்டும் பம்ப்போடு வந்தான். அதை நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். நீலக் குழாயை வெளிப்பெட்டியில் பூட்டி பம்ப்பைப் போட்டதும் மானியின் முள் பூச்சியத்துக்குக் கீழே இறங்கி ஒரு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இருபத்தைந்து நிமிடம் ஓடவிட்டான். பிறகு நிறுத்திவிட்டு, “இப்ப முள்ளைப் பாத்துக்கொண்டிருங்கோ அண்ணை, அசைஞ்சா எங்கயோ ஒழுக்கு” என்றான். பத்து நிமிடம் இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம், வேப்பங்காய் ஒன்று விழுந்த சத்தத்துக்கும் நான் திரும்பவில்லை. முள் அசையவில்லை. அதற்குப் பிறகு காஸைத் திறந்தான். அந்தப் பொடியனுக்கு வேலை தெரியும், சொல்லிக் கொடுத்தவர் ஆரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், பெரியவருடன் வந்தால் செய்ய விடுகிறார்கள் இல்லை.

கரண்ட் வேலை கடைக்காரருடையது இல்லை, அது நாங்களே ஆள் பிடிக்க வேண்டும், இதையும் பெட்டி இறங்கின பிறகுதான் சொன்னார்கள். அறையில் இருந்த பிளக்கின் வயர் லைற் லைனில் இருந்து ஒட்டி இழுத்தது, அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் வயரிங் அண்ணை சிரித்தார். மெயின் போட்டில் இருந்து தனி லைன், நாலு சதுர மில்லிமீற்றர் வயர், 20 அம்பியர் பிரேக்கர், அறைக்கு வெளியே ஒரு தனி சுவிட்ச். எர்த்தைத் தோண்டிப் பார்த்தால் வீடு கட்டினபோது போட்டது அரை முழக் கம்பி, கோடையில் காய்ந்துபோய்க் கிடக்கிற மண்ணுக்குள் அது இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். புதிதாக நீளக் கம்பி ஒன்றைக் கிணற்றடிப் பக்கம், எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தில் அடித்தார். சாமான், கூலி எல்லாம் சேர்த்து 28,700. இது ஏசிக்கான செலவு என்று எழுதினாலும் எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை, இந்தக் காசுக்கு நான் அழவில்லை.

அதே அண்ணைதான் மல்ரிமீற்றரை வைத்து வோல்ற்றேஜ் பார்த்தார். மத்தியானம் 226. இரவு ஏழு மணிக்கு வந்து பார்த்தபோது 188. ஒழுங்கை முழுக்க அந்த நேரம் தண்ணீர் மோட்டார், ரிவி, சோற்றுக் குக்கர், ட்ரான்ஸ்போமரோ எங்கேயோ சந்தியில். இன்வேர்ட்டருக்கு ஸ்ரெபிலைசர் தேவையில்லை என்று கடையில் சொன்னார்கள், பெட்டியிலும் குறைந்த வோல்ற்றேஜிலும் ஓடும் என்றுதான் போட்டிருக்கிறது. ஓடும்தான். ஆனால் உத்தரவாத அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கொம்பிரசருக்குப் பத்து வருடம், போட்டுக்கு (பெட்டிக்குள் இருக்கிற மின்சுற்றுப் பலகைக்கு) ஒரு வருடம், அதிலும் கரண்ட் ஏற்ற இறக்கத்தால் பழுதானால் இல்லை. வெளிப்பெட்டிப் போட் ஒன்றின் விலையைக் கேட்டேன், ஸ்ரெபிலைசரைவிட அதிகம். 24,500 கொடுத்து வாங்கினேன். நகரத்துக்குள், ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் முதலில் ஒரு கிழமை இரவில் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சீலிங் 120 சதுர அடிக்கு பீவீசீ பலகை, கூலியோடு 31,200. அதற்கு மேலே சீற்றுக்குக் கீழாக வெள்ளித்தாள் மாதிரி ஒன்று விரித்தோம், 6,000. சுவர் உச்சியில் காற்றுக்கு விட்ட பூக்கல் ஓட்டைகள், மூடாத கண்ணாடிப் பட்டை யன்னல், நிலத்தில் இருந்து ஒரு அங்குலம் எழும்பி நிற்கிற கதவு, இவை எல்லாவற்றையும் அடைக்க 11,500. எங்கள் வீடுகள் காற்று உள்ளே வந்து வெளியே போகவே கட்டினவை. ஏசி கேட்கிறது அதற்கு நேர்மாறான வீட்டை. வெள்ளித்தாள் விரித்து சீலிங் அடித்த அன்றைக்கு இரவே, ஏசி இன்னும் போடவில்லை, அறையின் சூடு ஒரு படி இறங்கியிருந்தது, அம்மாவே சொன்னா. காசு குறைவு என்றால் முதலில் இந்த 37,200 ரூபா வேலையைச் செய்து ஒரு கோடையைக் கழித்துப் பாருங்கள், ஒருவேளை ஏசியே தேவைப்படாமல் போகலாம். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கவும் ஏலாது.

ஆக, பெட்டிக்கு வெளியே 125,750. முழுச் செலவில் நூற்றுக்கு நாற்பது ரூபா.

இனிக் கரண்ட் பில். எங்கள் வீட்டுக்கு மாதம் 95 அலகு அளவில் வரும். 2025 ஜூனில் 15 சதவீதம் கூட்டின பிறகு அதற்கு ஏறக்குறைய 2,500 ரூபா வந்தது. ஏசி பூட்டி, பழகி, அளவாகப் போட்ட மாதத்தில் 228 அலகு. பில் 9,770. கூடினது 133 அலகு, அதற்குக் கொடுத்தது 7,270, கணக்குப் பார்த்தால் அலகுக்கு 55 ரூபா அளவில் வருகிறது. இது ஏன் என்றால் கரண்ட் கட்டணக் கணக்கு படிப்படியாக ஏறுகிறது: 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் அலகின் விலையும் கூடும், மாதாந்த நிலைக்கட்டணமும் கூடும். ஏசியின் அலகுகள் எல்லாம் ஏற்கனவே இருக்கிற அலகுகளுக்கு மேலே போய் உட்காருகின்றன, அதாவது உச்சிப் படியில். கடையில் “ஒரு நாளைக்கு நாலு யூனிற்தான் அண்ணை, சின்னக் காசு” என்றார்கள். நாலு யூனிற் சரிதான். சின்னக் காசு என்பதுதான் பிழை.

முதல் இரவு ஆசையில் 18இல் விட்டோம். இரவு ஒன்பதுக்கு ரோர்ச்சைப் பிடித்து மீற்றர் பார்த்து எழுதினேன், காலை ஐந்துக்குத் திரும்பப் பார்த்தேன், பிரிட்ஜின் கணக்கைக் கழித்தால் 7.4 அலகு. அம்மா இரண்டு போர்வைக்குள் கிடந்தா, அதற்கா இவ்வளவு பாடு. அடுத்த இரவு 26, கூடவே ஃபான் சின்ன வேகத்தில்: 4.1. நித்திரை அதே நித்திரை. அதற்குப் பிறகு ரிமோட்டில் 26க்கு மேலே ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறேன், பிள்ளைகள் அமத்தக்கூடாது என்று. அம்மாவுக்கு அதிலும் திருப்தி இல்லை, விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி நிற்பாட்டிவிடுகிறா. “ஜாம் போத்தல் விளக்கில படிச்ச வீட்டில இதென்ன கூத்து தம்பி” என்று கேட்டா ஒருநாள். பதில் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த விளக்குக்கு மண்ணெண்ணெய் சிந்தாமல் விட்டுத் தந்தது அவதான்.

குறைகள் இனி. மூன்றாவது கிழமை, இரவு இரண்டு மணி, உள்பெட்டியில் இருந்து தண்ணீர் அம்மாவின் கால்மாட்டில் சொட்டுகிறது. காரணம் சின்னது: தண்ணீர் போகிற குழாயை யன்னல் நிலைக்கு மேலால் கொண்டுபோவதற்காக ஒரு இடத்தில் மேலே தூக்கிவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் மேலே ஏறுமா? உறைக்குள் மறைந்து இருந்ததால் எனக்கும் தெரியவில்லை. கடைக்கு நாலு நாள் அடித்தேன், இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள். அந்த நாலு நாளும் வாளி வைத்துப் படுத்தோம். கடைசியில் பம்ப் கொண்டுவந்த அதே பொடியனின் நம்பரைத் தேடிப் பிடித்தேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் மோட்டார் சைக்கிளில் வந்து, உறையைக் கழற்றி, குழாயைச் சரிவாக இறக்கிப் பூட்டிவிட்டு, கையில் காசு வாங்க மாட்டேன் என்றான். மீன்குழம்போடு சாப்பிட வைத்து அனுப்பினோம். பூட்டின அன்றைக்கே உள்பெட்டித் தட்டில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தால் இதெல்லாம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தண்ணீர் வெளியே ஒரு வாளிக்குள் விழுகிறது. கச்சான் காலத்தில் காலையில் பார்த்தால் கால்வாளி, ஐப்பசி மழை தொடங்கினால் அரை வாளி தாண்டும், காற்றில் எவ்வளவு ஈரம் என்பதை வாளியே சொல்லிவிடும். கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றுகிறோம், நன்றாகத்தான் இருக்கிறது.

குரங்கு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனபோது பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் சொன்னார், எல்லாரும் சிரித்தோம். எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை. வேம்பில் இருந்து இறங்குகிற கூட்டம் குழாயைச் சுற்றின கறுப்பு ரப்பர் உறையைப் பிய்த்துத் தின்னப் பார்த்து, பிடிக்காமல் துப்பிவிட்டுப் போகிறது, அடுத்தநாள் திரும்பவும் வந்து பிடிக்கிறதா என்று பார்க்கிறது. வெளியே இருக்கிற துண்டைப் பெரிய பீவீசீ பைப்புக்குள் விடச் சொல்லுங்கள், இருநூறு முந்நூறு ரூபா விசயம். பல்லியும் அப்படித்தான். என்னோடு வேலை செய்கிற ஒருவரின் வெளிப்பெட்டிப் போட்டில் பல்லி ஏறிச் செத்து, போட்டும் செத்தது. வயர் நுழைகிற ஓட்டையை இறுக அடைத்து வைக்க வேண்டும்.

தூசுக்கு மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுகிறேன், ஐந்து நிமிட வேலை. நெல் வெட்டுக் காலம் வேறு. வெட்டு மெசின் பக்கத்து வயலுக்குள் இறங்கினால் சப்பியும் தூசும் வெளிப்பெட்டியின் பின்பக்கத் தகடுகளில் கம்பளி மாதிரிப் படியும். அப்போது ஏசி ஓடும், குளிராது, மீற்றர் மட்டும் சுற்றும். தண்ணீர்க் குழாயால் மெதுவாக அடித்துக் கழுவினால் போகும், மோட்டார் சைக்கிள் கழுவுகிற அழுத்தத்தில் அடித்தால் தகடு மடிந்துவிடும். முழு சேர்விஸ் 4,000 ரூபா கேட்கிறார்கள், எங்கள் பக்கத்துக்கு வருடம் இரண்டு தடவை வேண்டும், காலபோக வெட்டுக்குப் பிறகு ஒன்று, சிறுபோக வெட்டுக்குப் பிறகு ஒன்று.

கடைக்கு ஐந்துக்கு இரண்டரை. விலையில் ஏமாற்றவில்லை, சொன்ன நாளில் பெட்டியை இறக்கினார்கள், அந்த இரண்டரை அதற்கு. பூட்டினவர்களுக்கு மூன்று, பம்ப்போடு வந்த பொடியனைத் தனியாக எடுத்தால் ஐந்து. போன கிழமை அவன் ஃபோன் எடுத்து, கடையை விட்டு விலகி பரந்தனில் தானாகவே வேலை எடுக்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னான். பம்ப் வாங்கிவிட்டாயா என்று கேட்டேன். “முதல் வாங்கினதே அதுதான் அண்ணை” என்றான்.